அழுத்தமான வர்ணமா? அஞ்ச வேண்டாம்!

புடவைக் கடையில் நம் சகோதரிகள் காட்டும் சாமர்த்தியம் உலகப் பிரசித்தம். கடைக்காரர் ஐம்பது புடவைகளை விரித்துப் போட்டு வியர்த்து நிற்கும்போதுதான், "அதோ மேல் தட்டில் இருக்கிறதே, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, அதை எடுங்கள்" என்பார்கள். எடுத்ததும் வாங்கிவிடுவார்களா? அதுதான் கிடையாது! வாசற்பக்கம் கொண்டுபோய்ச் சூரிய வெளிச்சத்தில் புரட்டுவார்கள். தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்பார்கள். "சாயம் போகுமா?" என்று மூன்று தரம் கேட்பார்கள். மாதத்தில் ஒரு தடவை கட்டப் போகும் புடவைக்கு இத்தனை பரீட்சை!

ஆனால், ஆறேழு வருஷத்துக்கு இரவும் பகலும் நம் வீடு உடுத்திக்கொள்ளப் போகிற வர்ணத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? பல வீடுகளில் நடக்கும் சம்பாஷணை இதுதான்:

"என்னங்க, இந்தத் தடவை வீட்டுக்கு நல்ல அரக்குச் சிவப்பா அடிக்கலாமே?"

"சிவப்பா? தபாலாபீஸ் என்று நினைத்து யாராவது கடுதாசி போட வந்து நிற்பான்!"

"அப்போ மயில் கழுத்து நீலம்?"

"நாலு பேர் சிரிப்பார்கள். பேசாமல் கிரீம் கலர் அடித்துவிட்டுப் போகலாம்."

இப்படியாகத் தெருவில் இன்னொரு கிரீம் கலர் வீடு உற்பத்தியாகிறது. கிரீமில் குற்றம் ஒன்றும் இல்லை. பிடித்து அடித்தால் அதுவும் அழகுதான். பயந்து அடிப்பதில்தான் வருத்தம். வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பது சில்லறைச் செலவா என்ன? சாரம் கட்டி, பட்டி பார்த்து, ஆள் வைத்து முடிப்பதற்குள் ஒரு சிறு கல்யாணச் செலவு ஆகிவிடுகிறது. அத்தனை பணத்தையும் கொட்டிவிட்டு, "என்னமோ, இருக்கிறது" என்று பெருமூச்சு விடுவானேன்?

இன்னொரு கட்சியும் உண்டு. துணிந்து கடைக்குப் போய் அட்டையில் பார்த்த கிளிப்பச்சையை வீடு முழுவதும் பூசிவிட்டு, மறுநாள் காலையில் வாசலுக்கு வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பவர்கள். இவர்களைக் காட்டித்தான் முதல் கட்சிக்காரர்கள் எல்லோரையும் பயமுறுத்துகிறார்கள். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அந்தத் துணிச்சல் இல்லை. கடைக்குள்ளேயே, துண்டு அட்டையைப் பார்த்தே முடிவு செய்ததுதான். புடவைக்குச் செய்யும் பரீட்சையைச் சுவருக்கும் செய்தால் அழுத்தமான வர்ணத்துக்கு அஞ்ச வேண்டியதே இல்லை. அந்தப் பரீட்சைகள் என்ன என்று பார்ப்போமா?

வர்ணம் நமக்குப் புதிதா?

அழுத்தமான வர்ணம் என்றால் ஏதோ இறக்குமதியான நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல வேடிக்கை! விசேஷ நாளில் வாசலில் மாக்கோலம் போட்டு அதைச் சுற்றிச் செம்மண் இடுகிறோமே, அது என்ன? வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு வந்து நின்றவுடன் கோலம் எப்படிப் பளிச்சென்று எழுந்து நிற்கிறது! கோயில் மதில்களில் காவியும் வெள்ளையுமாக மாறி மாறிப் பட்டை அடித்திருப்பதும் அதே ரகசியம்தான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2009-ம் ஆண்டு கும்பாபிஷேகம் நடந்தபோது கோபுரங்களில் உள்ள சுதைச் சிற்பங்களுக்கெல்லாம் புது வர்ணம் தீட்டினார்கள். பச்சையும் நீலமும் சிவப்பும் மஞ்சளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தனம் நடத்துகின்றன. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குக்கூட வர்ணம் பூசும் ஜனங்கள் நாம். நமக்கா வர்ணத்திடம் பயம்?

சென்னையைச் சுற்றி வந்தாலும் போதும். 1908-ல் திறக்கப்பட்ட எழும்பூர் ரயில் நிலையம் சிவப்பு உடலும் வெள்ளைக் கரையுமாகக் கம்பீரமாக நிற்கிறது. 1913-ல் திறந்த ரிப்பன் கட்டடம் தூய வெள்ளை. இரண்டுமே ஊருக்கு அடையாளம். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்புமாக வீடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. மதில் மேல் காகிதப்பூக் கொடி கருஞ்சிவப்பாகத் தொங்கும்போது, அந்த மஞ்சளுக்கு இன்னும் ஒரு சுற்று அழகு கூடிவிடுகிறது.

ஒரு நகரமே துணிந்த கதை ஜெய்ப்பூருடையது. 1727-ல் சவாய் ஜெய்சிங் மகாராஜா நிர்மாணித்த அந்த நகரத்துக்கு, 1876-ல் இங்கிலாந்து இளவரசர் விஜயம் செய்தார். (பிற்பாடு ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர் இவர்தான்.) அவரை வரவேற்க, அப்போதைய மகாராஜா ராம்சிங் தெருக்களை ஒரே வர்ணத்தில் தீட்டச் செய்தார். விருந்தாளி போய்விட்டார், வர்ணம் போகவில்லை. 2019-ல் ஜெய்ப்பூரின் பழைய நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. "ரோஜா நகரம்" என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது சுட்ட செங்கல் சாயலுள்ள ஒரு மண் நிறம். நம் வாசல் செம்மண்ணுக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் நிறத்துக்கு ஒரு தனிச் சக்தி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அட்டை சொல்லும் பொய்

பெயிண்டுக் கடையில் கொடுக்கும் வர்ண அட்டை இருக்கிறதே, அது பொல்லாதது. அதிலுள்ள ஒரு கட்டம் தீப்பெட்டி அகலம்கூட இருக்காது. அதைக் கடையின் குழல் விளக்கு வெளிச்சத்தில், சுற்றிலும் நூறு வர்ணங்களுக்கு மத்தியில் பார்க்கிறோம். "அடடா, என்ன சாந்தமான பச்சை!" என்று மயங்குகிறோம்.

அதே பச்சை ஆயிரம் சதுர அடிச் சுவரில் ஏறினால் குணமே மாறிவிடும். பரப்பு பெரிதாக ஆக வர்ணம் இன்னும் வெளிச்சமாகவும் முனைப்பாகவும் தெரியும். இது நம் கண்ணின் சுபாவம். போதாக்குறைக்கு நம் ஊர் வெயில்! உள்ளே விளக்கொளியில் இருப்பதைப் போல எத்தனையோ மடங்கு வெளிச்சம் வெளியே கொட்டுகிறது. ஆகவே அட்டையில் சாந்த ஸ்வரூபியாக இருந்த பச்சை, சுவரில் கூச்சல் போடுகிறது. அட்டையில் இளஞ்சந்தனமாக இருந்ததோ, நண்பகலில் வெறும் வெள்ளையாக வெளுத்துத் தெரிகிறது.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. உங்களுக்குப் பிடித்த வர்ணத்தின் வரிசையிலேயே, பளபளப்பு சற்றுக் குறைந்து, கொஞ்சம் மண்ணோ சாம்பலோ கலந்தாற்போல் இருக்கிற கட்டத்தைப் பாருங்கள். கிளிப்பச்சைக்கு ஆசைப்பட்டால் வேப்பிலைப் பச்சையைப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சளுக்கு ஆசைப்பட்டால் விரலி மஞ்சளைப் பாருங்கள். அட்டையில் "கொஞ்சம் மங்கலோ?" என்று சந்தேகம் கொடுப்பதுதான் வெயிலில் சரியாக எழுந்து நிற்கும்.

அதற்கு மேலும் சந்தேகமா? நல்லது, சந்தேகப்படுங்கள்! இரண்டு மூன்று வர்ணங்களில் சிறு டப்பாக்களாக வாங்கி, சுவரிலேயே பூசிப் பார்த்துவிடுங்கள். கைக்குட்டை அளவு போதாது. மூன்றடிக்கு மூன்றடியாவது வேண்டும். இரண்டு கோட்டு அடிக்க வேண்டும். கிழக்குச் சுவரில் ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று இருக்கட்டும். காலையில் கோலம் போடும்போது பாருங்கள். உச்சிப் பொழுதில் பாருங்கள். விளக்கு வைத்த பிறகு தெருவிளக்கில் பாருங்கள். எதிர்ச் சாரிக்குப் போய் நின்றும் பாருங்கள். தெரு உங்கள் வீட்டை அங்கிருந்துதான் பார்க்கிறது! ஒரு வாரம் கழிந்தும் அலுக்காத வர்ணமே உங்கள் வர்ணம். செல்போனில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பதைவிட, அக்காவை நேரில் ஒரு காப்பிக்கு அழைப்பது மேல். படத்தில் வரும் வர்ணம் அந்தந்தப் போனின் மனம்போனபடி மாறும்.

கரை சொல்லும் பாடம்

பூசிப் பார்க்கும் விஷயத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் ஷெவ்ரல் என்று ஒரு ரசாயன சாஸ்திரி இருந்தார். 1786-ல் பிறந்து 102 வயது வரை வாழ்ந்த மகான். பாரிஸில் கோப்லேன் என்ற பெயர்பெற்ற சித்திரத்திரை நெசவுக்கூடத்தில், 1824-ல் சாயப் பகுதியின் தலைவராக நியமிக்கப்பட்டார். நெசவாளிகள் அவரிடம் ஒரு புகார் கொண்டுவந்தார்கள். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே நெய்தால் கறுப்பு நூல் எடுப்பாக இல்லை, சோகை பிடித்ததுபோல் இருக்கிறது என்றார்கள். ஷெவ்ரல் நூலைச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. குறை, பக்கத்தில் இருந்த வர்ணத்தில்! ஒரு வர்ணம் தன் அண்டை வீட்டு வர்ணத்தால் கண்ணுக்கு மாறித் தெரிகிறது என்ற உண்மையை விரிவாக ஆராய்ந்து, 1839-ல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார்.

காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மயில் நீலத்துக்குக் கருஞ்சிவப்புக் கரை என்று அவர் கை அறியும். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு இன்னும் சிவக்கிறது. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை இன்னும் பசுமையாகிறது.

இதைச் சுவருக்குக் கொண்டுவருவோம். பழைய நீலச் சுவரின் நடுவே புது மஞ்சளைக் கட்டமாகப் பூசிப் பார்த்தால், அந்த மஞ்சள் உங்களை ஏமாற்றும். இருப்பதைவிட எடுப்பாகத் தெரியும். ஆகவே கட்டத்தைச் சுற்றி ஓர் அடிக்கு வெள்ளை பூசிவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது பங்கீடு. வீட்டின் பெரிய சுவர்கள்தாம் புடவையின் உடல். கைப்பிடிச் சுவர், சன்ஷேட், ஜன்னல் விளிம்பு இவை கரை. வாசற்கதவும் கேட்டும் கிரில்லும் ரவிக்கை. மூன்றும் ஒரே சமயத்தில் உரக்கப் பேசினால் வீடு சந்தைக்கடை ஆகிவிடும். உடல் அழுத்தமாக இருந்தால் கரை வெள்ளையாகவோ சந்தனமாகவோ அடங்கியிருக்கட்டும். உடல் அமைதியாக இருந்தால் கதவு மட்டும் குங்குமச் சிவப்பில் நிற்கட்டும். பார்வை நேரே வாசலுக்குத்தான் வரும். மாற்ற முடியாதவற்றையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். போர்டிகோவில் பதித்த கல், தூணில் ஒட்டிய டைல், வாசலில் நிற்கும் வேப்பமரம், இவையெல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் வர்ணங்கள்.

மெக்ஸிகோ தேசத்தில் லூயிஸ் பர்ராகான் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். கட்டடக் கலையில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 1980-ல் பெற்றவர். கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புச் சுவர்களுக்கு உலகமெங்கும் பெயர் வாங்கியவர். அவர் 1948-ல் தமக்கென்று கட்டிக்கொண்ட வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தால், "இதுவா!" என்று தோன்றும், அத்தனை சாதாரணமான முகப்பு. வர்ணமெல்லாம் உள்ளேயும் மொட்டை மாடிச் சுவர்களிலும்தான் இருக்கிறது. அந்த வீடும் 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. துணிச்சலுக்கு அளவு எவ்வளவு முக்கியமோ, இடமும் அவ்வளவு முக்கியம்!

சாயம் போகுமா?

புடவைக் கடையில் கேட்கும் மூன்றாவது கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும். எல்லா வர்ணமும் நம் வெயிலுக்கு ஈடுகொடுக்காது.

பெயிண்டுக்கு நிறம் கொடுப்பது அதில் கலந்திருக்கும் நுண்ணிய பொடி. இதில் மண் வழி வந்த பொடிகள் உண்டு. காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பழுப்பு எல்லாம் இந்த வம்சம். அடிப்படையில் அவை இரும்புத் துரு. துரு மேலும் துருப்பிடிக்குமா? எத்தனை வெயில் அடித்தாலும் அவை அநேகமாக அப்படியே இருக்கும். மண் நிறத்துக்குத் தனிச் சக்தி உண்டு என்றேனே, அது இதுதான். அழுத்தமாகவும் வேண்டும், நீடித்தும் நிற்க வேண்டும் என்றால் செங்காவி, செங்கல் சிவப்பு, விரலி மஞ்சள் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

நீலத்திலும் பச்சையிலும் இப்போது பரவலாகச் சேர்க்கும் ஒரு வகைப் பொடிகள் வெயிலை நன்றாகத் தாங்குகின்றன. ஆகவே மயில் கழுத்து நிறத்தில் ஆசை வைத்தவர்கள் மனம் தளர வேண்டாம். ரோஜா, ஊதா, பளிச்சென்ற ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள் ஆகியவைதாம் பொதுவாக முதலில் சாயம் போகிறவை. அதிலும் ஒரு விசித்திரம்: அதே பொடியை நிறைய வெள்ளையில் கலந்து இளநிறமாக்கினால் இன்னும் சீக்கிரம் மங்கும். "இளரோஜாதானே, என்ன ஆகிவிடும்?" என்று அடித்தால், இரண்டு கோடை தாண்டுமுன் மேற்குச் சுவர் ஒரு நிறமும் சன்ஷேட்டுக்கு அடியில் ஒரு நிறமுமாக வீடு இரட்டை வேஷம் போடும். ஆசை விடவில்லையா? வெயில் படாத திண்ணைச் சுவரிலும் போர்டிகோவுக்குள்ளும் ரோஜாவை வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு அடிக்கும் பழைய வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்பின் காரம் சில வர்ணங்களைத் தின்றுவிடும். காவி தாங்கும், துணிக்குப் போடும் நீலப்பொடியும் தாங்கும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பது நம் பாட்டிமார்களின் வழக்கம். மஞ்சளிப்பை நீலம் மறைத்து, வெள்ளையைப் பால்போல் காட்டிவிடும். மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் நீல மாளிகை என்று ஒரு பழைய சீனச் செல்வந்தர் வீடு உண்டு. அதன் பிரசித்தமான கருநீலம், சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசியது. திண்டிவனம் பக்கத்து வயல்களில் விளைகிறதே, அதே அவுரிதான்! அந்த வீட்டைப் பழுதுபார்த்துப் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்ததற்காக யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் பாரம்பரிய விருது 2000-ல் கிடைத்தது.

வெயில் எந்தப் பக்கம்?

அழகு ஒரு புறம் இருக்கட்டும். வர்ணம் தவறினால் வீடு அடுப்பாகிவிடும் என்பதை மறக்கலாகாது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. கருநீலமோ அடர்ந்த சாம்பலோ பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பும். மிச்சத்தை விழுங்கி வைத்துக்கொண்டு, இரவு பத்து மணி வரை படுக்கையறைக்குள் மெல்ல மெல்ல விடும்.

மேற்குச் சுவர்தான் இதில் முதல் எதிரி. பிற்பகல் வெயில் முழுவதும் அதன் தலையில். அந்தப் பக்கம் படுக்கையறை இருந்தால் அங்கே இளநிறமே புத்திசாலித்தனம். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று எண்ணிவிடாதீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுவரை, சென்னையில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் சாய்ந்து நிற்கிறது. அக்கினி நட்சத்திரம் அதற்குள் அடக்கம்! அழுத்தமான வர்ணத்தை வேப்பமர நிழல் விழும் சுவருக்கோ, காலை வெயில் மட்டும் படும் கிழக்கு முகப்புக்கோ, உள்வாங்கிய வராந்தாவுக்கோ வைத்துக்கொண்டால் அழகும் கெடாது, தூக்கமும் கெடாது. மொட்டை மாடித் தளத்துக்கு மட்டும் எந்த ஆசையும் வேண்டாம். அங்கே வெள்ளைதான் ராஜா.

பழைய மஞ்சளில் ஓர் ஆபத்து

குழந்தைகள் உள்ள வீடுகளில் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

பழைய ஜன்னல், கதவு, கேட், கிரில் இவற்றில் பளீரென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல் பூச்சு இருக்கிறதா? அந்தக் காலத்து எனாமல் பெயிண்டுகளில், குறிப்பாக இந்தப் பளிச்சென்ற நிறங்களில், ஈயம் கலப்பது சகஜமாக இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம். இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பூச்சு எதிலும் எச்சரிக்கை நல்லது.

பூச்சு அதன் இடத்தில் உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. புது வர்ணம் அடிக்கிறோம் என்று அதை வறண்ட உப்புத்தாளால் தேய்க்கிறோமே, அப்போது கிளம்பும் தூசிதான் ஆபத்து. நெருப்பு வைத்துப் பொசுக்கி எடுப்பது இன்னும் மோசம். உரியாத பூச்சின் மேலேயே புதுப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே விரிப்புப் போட்டு, உதிர்ந்ததை ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்; துடைப்பம் போட்டுப் பெருக்காதீர்கள். வேலை செய்பவரும் மூக்கை நன்றாக மூடிக்கொண்டு செய்யட்டும். சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இரண்டு நாள் பாட்டி வீட்டில் இருக்கட்டும். புதிதாக வாங்கும் டப்பாவில் ஈயம் சேராதது என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

மேஸ்திரி வருமுன்

இனி வேலைக்கு முகூர்த்தம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வர்ணம் அடிப்பது பணத்தைக் கரைத்து ஊற்றுவதற்குச் சமம். போகிக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது நம் ஆசை. ஆனால் மழையில் ஊறிய சுவர் காய்ந்திருக்க வேண்டும். மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் காலையில் சுவர் உலர்ந்த பிறகே பிரஷ்ஷைத் தொட வேண்டும். தை பிறந்து வரும் வறண்ட நாட்கள் உத்தமம்.

புதுச் சிமெண்டுப் பூச்சு என்றால், தண்ணீர் விட்டு முடித்த பிறகு குறைந்தது 28 நாளாவது ஆற விடுங்கள். அவசரப்பட்டால் சிமெண்டின் காரம் வர்ணத்தைத் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும்; உப்பும் பூக்கும். அழுத்தமான வர்ணத்தில் இந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ஓதம் காத்த சுவருக்கு முதலில் கசிவை நிறுத்தும் வைத்தியம், பிறகுதான் அலங்காரம். பாசி படிந்த இடத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி உலர்த்தாமல் மேலே பூசினால், அடுத்த மழைக்குப் பாசி மறுபடி எட்டிப் பார்க்கும்.

கணக்கும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் பெயிண்டு சுமார் 50 முதல் 60 சதுர அடி வரும். ஆயிரம் சதுர அடிச் சுவருக்குப் பதினெட்டு, இருபது லிட்டர் ஆகும். அழுத்தமான சிவப்பும் மஞ்சளும் அடியில் உள்ளதை எளிதில் மறைக்காது. மூன்றாவது கோட்டும் கேட்கக்கூடும். அடியில் அதே சாயலில் ஓர் இளம் பூச்சுக் கொடுத்துவிட்டால் அந்தச் செலவு குறையும். மொத்தப் பெயிண்டையும் ஒரே சமயத்தில் கலந்து வாங்குவது நல்லது. "பாதி வேலை ஆனபிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்றால் இரண்டாம் பாதி இம்மி மாறி வரலாம். யந்திரமே கலந்தாலும் அப்படித்தான். வாங்கி வந்த டப்பாக்களைப் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலக்கிக்கொண்டு அடித்தால் கவலை விட்டது. டப்பா மேலுள்ள வர்ண எண்ணை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கே ஏதாவது விரிசலை அடைத்துப் பூச வேண்டிவந்தால் அந்த ஒரு வரி ஆயிரம் ரூபாய் பெறும்.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

அந்த நாலு பேரையும் கொஞ்சம் கவனிக்கத்தான் வேண்டும். குறுகலான தெருவில் உங்கள் பச்சைச் சுவர் வெயிலில் ஜொலித்தால், எதிர் வீட்டுக் கூடம் முழுவதும் பச்சை வெளிச்சம் பாயும். அந்த வீட்டு மாமி தினம் காலையில் பச்சைக் காப்பி குடிக்க நேரலாம்! பூசிப் பார்த்த அந்த ஒரு வாரத்திலேயே எதிர் வீட்டில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நட்பும் மிஞ்சும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளிச்சுவர் எல்லோருக்கும் பொதுச் சொத்து; சங்கத்தில் பேசி முடிவு செய்வதே முறை. அங்கே உங்கள் ஆசைக்குக் கதவு இருக்கிறது. அனுமதி கிடைத்தால் பால்கனியின் உட்சுவரும் இருக்கிறது.

ஆனால் எதிர் வீட்டுக்குத் தொல்லையில்லை, வெயிலுக்கு ஈடுகொடுக்கும், ஒரு வாரம் பார்த்தும் உங்களுக்கு அலுக்கவில்லை என்று ஆன பிறகும், நாலு பேர் சிரிப்பார்களே என்று பின்வாங்க வேண்டாம். அந்த நாலு பேர் தெருவோடு போகிறவர்கள். வேலை முடிந்து களைத்து வரும்போது தெருக்கோடியிலிருந்தே "அதோ நம் வீடு" என்று கண்ணில் படவேண்டியது உங்களுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைக்கும், ஊரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வரும் பெரியவருக்கும் வழி சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். "மேற்கே மூன்றாவது சந்து, கிரீம் கலர் வீடு" என்றால் அவர்கள் பதினாறு வாசற்படி ஏறி இறங்க வேண்டும். "வெள்ளைக் கரை போட்ட செங்காவி வீடு" என்று சொல்லிப் பாருங்கள், காப்பி ஆறுவதற்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள்!